ஆத்தங்கரையில வீடா? ஏரிப் பக்கம் மனையா? புல்தரையும் கரையும் பராமரிப்பது எப்படி? தவளக்குப்பம் பகுதிக்கான முழு விளக்கம்

புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் போனால் நோணாங்குப்பம் பாலம் வரும். பாலத்துக்குக் கீழே சுண்ணாம்பாறு, ஒரு பக்கம் படகு குழாம். அதைத் தாண்டினால் சில நிமிடங்களில் தவளக்குப்பம் சந்திப்பு. இந்தச் சுற்றுவட்டாரத்தில் இப்போது அதிகம் விலை போவது தண்ணீர் தெரியும் மனைகள்தான். ஆற்றைப் பார்த்த வீடு, தென்னந்தோப்புக்குள் விருந்தினர் விடுதி, ஏரிக்கரை ஓரமாகப் பண்ணை வீடு எனக் கரையோரம் முழுக்க புதுக் கட்டடங்கள் முளைக்கின்றன.

வீடு கட்டி முடிந்ததும் பெரும்பாலானவர்கள் செய்வது மூன்று வேலைகள். கரையில் இருக்கும் புதரை வெட்டுவது, தண்ணீர் விளிம்பு வரைக்கும் புல்தரை போடுவது, மண் சரிந்தால் கல் கொட்டுவது.

"நம்ம இடம், நம்ம காசு, நம்ம புல்லு. இதுல ஆத்துக்கு என்ன வந்துடப் போகுது?" என்று தோன்றலாம். ஆனால் இந்த மூன்றும் சேர்ந்தால் முதலில் கெடுவது தண்ணீர், அடுத்து சரிவது அதே வீட்டுக்காரரின் கரை. அது ஏன், அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்பதைப் பார்ப்போம்.

சுருக்கமான பதில்

• தண்ணீர் விளிம்பிலிருந்து குறைந்தது 10 அடி, இடம் இருந்தால் 30 அடிக்கு மேல், புல் வெட்டாமல் செடி கொடிகளுக்கு விட்டுவிட வேண்டும்.
• அந்தப் பட்டையில் உரம், களைக்கொல்லி, பூச்சிமருந்து எதுவும் கூடாது.
• மழைக்காலம் நெருங்கினால் புல்தரைக்கும் உரம் போடக் கூடாது.
• கூரைத் தண்ணீரைக் குழாய் வழியாக நேராக ஆற்றில் விடக் கூடாது.
• செப்டிக் டேங்க் தண்ணீர்ப் பக்கம் இருக்கக் கூடாது. இருந்தால் அது கசியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.
• கல், சுவர், மண் நிரப்புதல் எதையும் அனுமதி இல்லாமல் செய்யக் கூடாது.

தவளக்குப்பத்தைச் சுற்றி என்னென்ன தண்ணீர்?

செஞ்சிப் பகுதியில் உற்பத்தியாகும் சங்கராபரணி ஆறு, விழுப்புரம் மாவட்டத்தின் வீடூர் அணையைக் கடந்து, திருக்காஞ்சி, வில்லியனூர் வழியாக வருகிறது. கடலை நெருங்கும்போது அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு என இரண்டாகப் பிரிகிறது. சுண்ணாம்பாற்றின் கடைசிப் பகுதி கடல் ஏற்ற இறக்கத்துக்கு உட்பட்டது. மழைக்காலத்தில் நல்ல தண்ணீர், கோடையில் உப்புத் தண்ணீர் என மாறி மாறி இருக்கும். மடவை, கொடுவா, இறால், நண்டு எல்லாம் குஞ்சாக வளர்வது இப்படிப்பட்ட கழிமுகங்களில்தான்.

தெற்கிலும் மேற்கிலும் இருப்பது ஏரிகள். புதுச்சேரி பகுதியில் மொத்தம் 84 ஏரிகள் என்பது அரசுக் கணக்கு. அவற்றில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரியான பாகூர் ஏரி இந்தப் பக்கம்தான் இருக்கிறது. தென்பெண்ணையாற்றுத் தண்ணீர் பங்காரு வாய்க்கால் வழியாக அதற்கு வருகிறது. ஆறு ஓடிக்கொண்டே இருக்கும். ஏரி அப்படி இல்லை, போனது எல்லாம் உள்ளேயே தங்கும். அதனால் கரையோரத் தோட்டக் கழிவு ஏரியை இன்னும் சீக்கிரம் கெடுக்கும்.

புல்தரைக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம்?

பச்சைப் பசேல் என்று புல் இருக்க வேண்டும் என்பதற்காக யூரியா, டி.ஏ.பி. தூவுவது வழக்கம். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். டி.ஏ.பி.யில் 18 சதவீதம் தழைச்சத்து, 46 சதவீதம் மணிச்சத்து. மணிச்சத்து என்பது பாஸ்பரஸ்.

இந்தச் சத்து முழுவதையும் புல் எடுத்துக்கொள்ளாது. மிச்சம் மழையோடு தண்ணீருக்குப் போகும். கடலோர மண் மணற்பாங்காக இருப்பதால் கொஞ்சம் நிலத்தடி நீருக்கும் இறங்கும்.

தண்ணீருக்குள் போன சத்து அங்கே பாசிக்கு உரமாகிறது. ஒரு கிலோ பாஸ்பரஸ் போதும், பல நூறு கிலோ பாசி வளர. பாசி பகலில் ஆக்சிஜனை வெளியிடும். ராத்திரியில் அதுவே ஆக்சிஜனை இழுக்கும். செத்த பாசி அழுகும்போது மிச்சம் இருப்பதும் காலியாகிவிடும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளப்பதும், செத்து மிதப்பதும் பெரும்பாலும் இதனால்தான்.

ஏரியில் இன்னொரு தொல்லை ஆகாயத்தாமரை. சத்து கூடுதலாக இருக்கும் நல்ல தண்ணீரில் அது ஒன்றிரண்டு வாரத்திலேயே இரட்டிப்பாகும். பொக்லைன் வைத்து அள்ளினாலும், உள்ளே வரும் சத்து குறையாதவரை திரும்ப வந்துவிடும்.

வெளிநாட்டில் இது எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஒரு உதாரணம் அமெரிக்காவின் டொலிடோ நகரம். 2014 ஆகஸ்டில் ஈரி ஏரியில் பெருகிய நச்சுப் பாசியால் சுமார் 5 லட்சம் பேருக்குக் குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று அறிவிக்கப்பட்டது. அங்கே பெரிய பங்கு விவசாய உரத்துடையது. வீட்டுத் தோட்டமும் கணக்கில் வரும் என்பதால், அதே நாட்டின் மினசோட்டா மாநிலம் 2005 முதல் வீட்டுப் புல்தரைக்குப் பாஸ்பரஸ் உரம் போடுவதை மாநிலம் முழுக்கக் கட்டுப்படுத்தியது. மண் பரிசோதனையில் பற்றாக்குறை தெரிந்தாலோ, புதிதாகப் புல் போட்டாலோ மட்டும்தான் விலக்கு.

பாதிப்பு வீட்டுக்காரருக்கு எப்படி வரும்?

ஒன்று, கிணறும் போரும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லி கிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. தோட்டத்து யூரியாவும் செப்டிக் டேங்க் கசிவும் ஒரே மணலில் இறங்கினால், முதலில் கெடுவது அதே மனையில் இருக்கும் போர்தான். நைட்ரேட் அதிகமான தண்ணீரில் பால்பவுடர் கலந்து கொடுத்தால் கைக்குழந்தைகளுக்கு உயிருக்கே ஆபத்து.

இரண்டு, கரை. வாரா வாரம் மெஷின் ஓட்டி ஒட்ட வெட்டும் புல்லின் வேர் சில அங்குலம்தான் இறங்கும். மேலே கம்பளம் மாதிரி இருக்கும், அடியில் மண்ணைப் பிடிக்காது. வெள்ளம் வரும்போது புல்தரை அப்படியே பெயர்ந்து போவதற்கு இதுதான் காரணம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, 24 மணி நேரத்தில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. 1,000 சதுர அடி கூரை உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொண்டால், அந்த ஒரு நாளில் அந்தக் கூரையில் மட்டும் விழுந்தது 44,000 லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் டேங்கர் லாரி கணக்கில் கிட்டத்தட்ட நாலு லாரித் தண்ணீர். அத்தனையும் ஒரே குழாய் வழியாகக் கரையில் இறங்கினால், எந்தப் புல்தரையும் தாங்காது.

அடுத்தடுத்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீரால் தென்பெண்ணையிலும் வெள்ளம் வந்து, பாகூர் பகுதியின் தாழ்வான ஊர்களுக்குள் புகுந்தது. மேலிருந்து ஆறு, உள்ளுக்குள் மழை, கீழே கடல் ஏற்றம் என மூன்றும் ஒரே நேரத்தில் சந்திக்கும் இடம் இது. கரையைப் பிடித்து வைக்கும் வேர் இங்கே அலங்காரத்துக்கு இல்லை, பாதுகாப்புக்கு.

'கல் கொட்டிட்டா கவலை இல்லை' என்பது சரியா?

இதற்குப் பதில் புதுச்சேரி கடற்கரையிலேயே இருக்கிறது. 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் தடுப்புகள் கட்டப்பட்டன. இந்தக் கடற்கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும். தடுப்பு அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே நகரத்தின் மணல் கடற்கரை காணாமல் போனது. அங்கே கல் கொட்டினார்கள். அரிப்பு அதற்கு வடக்கே நகர்ந்தது. கடைசியில் 2018இல் தலைமைச் செயலகம் அருகே கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்த பிறகுதான் கொஞ்சம் மணல் திரும்ப வந்தது.

ஆற்றங்கரையில் நடப்பதும் இதே கதையின் சின்ன வடிவம்தான். கல்லிலும் கான்கிரீட்டிலும் மோதும் தண்ணீர் தன் வேகத்தை இழக்காது, திரும்பி அடிக்கும். சுவருக்குக் கீழே மண்ணைத் தோண்டும், சுவர் முடியும் இடத்தில் பக்கத்து மனையை அரிக்கும். பக்கத்து வீட்டுக்காரரும் சுவர் கட்டுவார். அப்புறம் அதற்கு அடுத்தவர். செடி இருக்கும் சாய்வான கரை தண்ணீரின் வேகத்தை உறிஞ்சிக்கொள்ளும். பாலம், படகுத்துறை மாதிரி வேறு வழியே இல்லாத இடங்களில் மட்டும்தான் கல் கட்டுமானம், அதுவும் பொதுப்பணித்துறை வடிவமைப்பில்.

அப்படியானால் கரையில் என்ன வைக்கலாம்?

தண்ணீருக்கும் புல்தரைக்கும் நடுவே ஒரு 'தடுப்புப் பட்டை' விடுவதுதான் உலகம் முழுக்கச் சொல்லப்படும் வழி. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஏரிக்கரையிலிருந்து 35 அடி வரை இயற்கைச் செடிகளை விட்டுவைக்க வேண்டும் என்பது சட்டம். நடந்து போகவும் தண்ணீரைப் பார்க்கவும் நடுவில் ஒரு பாதை விட்டுக்கொள்ளலாம். சின்ன மனைகளில் 35 அடி கஷ்டம். 10 அடி விட்டாலும் மண்ணும் உரமும் கணிசமாகத் தடுக்கப்படும்.

என்ன வைப்பது என்பது உப்பைப் பொறுத்தது.

உப்புத் தண்ணீர் ஏறி இறங்கும் இடம்: இது கண்டல் காடுகளின் இடம். அரியாங்குப்பம், சுண்ணாம்பாறு கழிமுகங்களில் வெண்கண்டல் மரங்கள் இயற்கையாகவே இருக்கின்றன. வீட்டுக்காரர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, அதைத் தொடாமல் இருப்பது. 'வியூ மறைக்குது' என்று கிளையை வெட்டுவதும் சட்டப்படி சிக்கல்தான். கண்டல் இல்லாத இடத்தில் நட வேண்டும் என்றால் வனத்துறை மூலமாகத்தான் நட வேண்டும். ஓதம் ஏறும் நிலம் தனியார் தோட்டம் கிடையாது.

அதற்கு மேலே உள்ள கரைச்சரிவு: இங்கே சிறந்த தேர்வு வெட்டிவேர். பக்கத்துக் கடலூர் மாவட்டக் கடலோர மணலில் பயிராகவே விளைவது இது. இதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் செங்குத்தாக 3 மீட்டர் வரை இறங்கும். தூரைப் பிரித்து, சரிவுக்குக் குறுக்கே, நீரோட்டத்தை மறிக்கும் வாக்கில், 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசையாக நட வேண்டும். ஓரளவு உப்பைத் தாங்கும் என்றாலும் தினமும் கடல்நீர் ஏறும் இடத்தில் வராது. சரிவு புதிதாக இருந்தால், செடி வேர்விடும் வரை மேலே தென்னை நார் விரிப்பு போடலாம். அது ஒன்றிரண்டு வருடத்தில் மக்கி மண்ணாகிவிடும்.

மேட்டுப் பகுதி: பூவரசு, புன்னை, நொச்சி, தாழை. எல்லாமே கடலோரக் காற்றையும் உப்பையும் தாங்கும் நம்ம ஊர்ச் செடிகள். பனை இருந்தால் வெட்டவே கூடாது.

ஏரி ஓரம்: கோரை, நாணல், சம்பு தண்ணீர் விளிம்பில் தானாகவே வரும். இவை சத்தை உறிஞ்சும், மீன் குஞ்சுக்கும் பறவைக்கும் மறைவிடம். முழுவதையும் அழிக்காமல், இறங்க ஒரு வழி மட்டும் வெட்டிக்கொள்ளலாம். ஏரிக்கரை மேல் மட்டும் பெரிய மரங்கள் புதிதாக நடக் கூடாது. மரம் காற்றில் சாய்ந்தால் வேரோடு கரையே பிளக்கும்.

கடற்கரை மணல் மேடு: அடம்புக்கொடியும் ராவணன் மீசையும் மணலைக் கட்டிப் போடுபவை. இவற்றைப் பிடுங்கிவிட்டுப் புல் போட்டால் மணல் மேடு காற்றிலேயே கரைந்துவிடும்.

புல்தரையே கூடாதா?

தாராளமாக இருக்கலாம். வீட்டை ஒட்டி, தண்ணீரிலிருந்து தள்ளி இருக்க வேண்டும், அவ்வளவுதான். பராமரிப்பில் சில மாற்றங்கள் போதும்.

• நர்சரிகளில் கிடைக்கும் கொரியன் புல் பார்க்க அழகு, ஆனால் தண்ணீரும் கவனிப்பும் நிறைய கேட்கும். அருகம்புல் வகைகள் வெயிலையும் உப்பையும் தாங்கும், உரமும் குறைவாகவே கேட்கும்.
• ஒட்ட வெட்டக் கூடாது. அருகம்புல்லைக் கொஞ்சம் உயரம் விட்டு வெட்டினால் வேர் ஆழமாகப் போகும், களையும் குறையும். ஒரே தடவையில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம்.
• வெட்டிய புல்லைத் தரையிலேயே விடலாம். அதுவே நல்ல தழை உரம். ஆனால் அதைக் கூட்டித் தண்ணீரில் தள்ளக் கூடாது. ஆற்றுக்கு அது யூரியா மூட்டை மாதிரிதான்.
• உரம் போடுவதற்கு முன் மண் பரிசோதனை. வேளாண்துறையின் உழவர் உதவியகத்திலோ, குரும்பாபேட்டில் உள்ள பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ வழி கேட்கலாம். மணிச்சத்து ஏற்கெனவே போதுமான அளவு இருந்தால் டி.ஏ.பி. தேவையே இல்லை.
• தேவைப்பட்டால் மக்கிய தொழுஉரம், மண்புழு உரம் போடலாம். இதையும் அள்ளிக் கொட்டக் கூடாது. இயற்கை உரத்திலும் பாஸ்பரஸ் உண்டு.
• வானிலை மையம் ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை கொடுத்திருக்கும்போது உரமோ மருந்தோ போட்டால், அது காசைத் தண்ணீரில் கரைப்பதுதான்.
• களையைக் கையால் பிடுங்குவது நல்லது. கிளைபோசேட் களைக்கொல்லியைப் பயிற்சி பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு ஊழியர்கள் மூலமாகத்தான் பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டது. தண்ணீர் ஓரத்தில் அதைத் தெளிக்கவே கூடாது.

கூரைத் தண்ணீரும் செப்டிக் டேங்க்கும்

கூரைத் தண்ணீரை மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்கோ உறிஞ்சு குழிக்கோ விட்டால் இரட்டை லாபம். கரை அரிக்காது, போரில் உப்பு ஏறுவதும் மட்டுப்படும். நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்தால் கடல்நீர் உள்ளே வரும் என்பது புதுச்சேரி கடலோர ஊர்களுக்குப் புதிய விஷயம் இல்லை. தொட்டி நிரம்பி வழிவதை, சரிவில் நேராக விடாமல், தோட்டத்தின் நடுவே ஒரு ஆழமில்லாத பள்ளத்தில் பரவ விடலாம். வண்டி நிறுத்தும் இடத்தை முழுக்க சிமெண்ட் போடாமல், இடைவெளி விட்ட கல் பாவலாம்.

செப்டிக் டேங்க்கின் கழிவுநீர் மண்ணில் இறங்கும் இடம், குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வழிகாட்டுதல். தண்ணீர்ப் பக்கம் போடாமல், சாலைப் பக்கம் போடுவது நல்லது. அடிப்பாகம் திறந்த குழி, நிலத்தடி நீர் மேலாக இருக்கும் கரையோரத்துக்குச் சரிப்படாது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை, மழைக்கு முன்பாக, லாரி வைத்துக் கழிவை எடுக்க வேண்டும். லாரி அதை எங்கே கொட்டுகிறது என்றும் கேட்க வேண்டும். ஆளை உள்ளே இறக்குவது 2013 சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து.

நீச்சல் குளம் உள்ள வீடுகளும் விடுதிகளும் குளோரின் தண்ணீரை நேராக ஆற்றில் திறந்துவிடக் கூடாது. குளோரின் போடுவதை நிறுத்தி, சில நாள் வெயிலில் விட்டு, பிறகு தோட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும்.

'புதர் விட்டா கொசு வரும், பாம்பு வரும்' என்கிறார்களே?

நியாயமான பயம்தான். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கொசு: கொசு பெருகுவது அசையாமல் தேங்கிய தண்ணீரில். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டுக்குள், வெளியே கிடக்கும் தொட்டி, டயர், தேங்காய் ஓடு, பூந்தொட்டித் தட்டு ஆகியவற்றில்தான் முட்டையிடும். மீன் இருக்கும், அலை இருக்கும் கரையில் கொசுப்புழு அவ்வளவாகத் தப்பாது. மீனைக் கொல்லும் உரமும் மருந்தும்தான் கொசுவுக்கு வசதி செய்து கொடுக்கிறது. தேங்கிய குட்டை இருந்தால், கொசுப்புழுவைக் கொல்லும் பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்து இருக்கிறது. புதுச்சேரியிலேயே இருக்கும் ஐ.சி.எம்.ஆர். நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இந்த வகை மருந்தை உருவாக்கிய நிறுவனங்களில் ஒன்று.

பாம்பு: பாம்பு வருவது எலிக்காகவும் தவளைக்காகவும். கல் குவியல், விறகு, உடைந்த ஓடு, சோற்றுக் கழிவு இவைதான் எலியைக் கூப்பிடும். வீட்டுக்கும் செடிப் பட்டைக்கும் நடுவே வெட்டிய புல்தரை இருந்தால் பாம்பு கண்ணில் படும். நடைபாதையை ஒரு மீட்டர் அகலத்துக்குச் சுத்தமாக வைத்து, ராத்திரியில் டார்ச்சோடு நடந்தால் போதும். உள்ளே வந்துவிட்டால் அடிக்காமல் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். கடித்தால் நேராக அரசு மருத்துவமனை, வேறு வைத்தியம் வேண்டாம்.

வியூ: வெட்டிவேரும் நொச்சியும் கட்டுப்படுத்தக்கூடிய உயரம்தான். உட்காரும் இடத்துக்கு நேராகக் குட்டையான செடியும், ஓரங்களில் மரமும் வைத்தால் தண்ணீரும் தெரியும், நிழலும் கிடைக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

சுண்ணாம்பாற்றின் ஓதம் ஏறும் பகுதி கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைக்குள் வருகிறது. சி.ஆர்.இசட். என்று சொல்வது இதைத்தான். 2011 அறிவிக்கைப்படி இப்படிப்பட்ட ஆறுகளில் கரையிலிருந்து 100 மீட்டர் அல்லது ஆற்றின் அகலம், எது குறைவோ அது கட்டுப்பாட்டுப் பகுதி. 2019 அறிவிக்கை இதை 50 மீட்டர் அல்லது ஆற்றின் அகலம் என்று குறைத்தது. ஆனால் அந்தந்தப் பகுதியின் புதிய மேலாண்மை வரைபடம் ஒப்புதல் பெற்ற பிறகே அது பொருந்தும். அதனால் தரகர் சொல்வதை நம்பாமல், மனை எந்தக் கோட்டுக்குள் வருகிறது என்பதைப் புதுச்சேரி கடற்கரை மண்டல மேலாண்மை ஆணையத்தின் வரைபடத்தில் பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

கண்டல் காடு மிக உயர்ந்த பாதுகாப்புள்ள வகை. 1,000 சதுர மீட்டருக்கு மேல் பரப்புள்ள கண்டலைச் சுற்றி 50 மீட்டர் பாதுகாப்பு வளையமும் உண்டு.

ஏரி விஷயத்தில், கரையும் நீர்ப்பிடிப்புப் பகுதியும் அரசு நிலம். பெரிய ஏரிகள் பொதுப்பணித்துறை வசமும் சிறிய குளங்கள் கொம்யூன் பஞ்சாயத்து வசமும் இருக்கின்றன. கோடையில் தண்ணீர் வற்றி நிலம் தெரிகிறது என்பதற்காக வேலியைத் தள்ளிப் போடுவதும், மண் அடித்துப் புல் போடுவதும் ஆக்கிரமிப்பு. வரத்து வாய்க்காலை மூடினால் அடுத்த மழையில் தண்ணீர் வீட்டுக்குள்தான் வரும்.

எந்த மாதம் என்ன வேலை?

ஜனவரி–மார்ச்: வெள்ளம் கரையை எங்கே அரித்தது என்று பார்த்துப் படம் எடுத்து வைக்கலாம். கடற்கரை ஓரம் இருப்பவர்கள் ராத்திரியில் கடல் பக்க விளக்கை அணைக்க வேண்டும். பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் காலம் இது, வெளிச்சம் குஞ்சுகளைத் திசைதிருப்பும்.

ஏப்ரல்–ஜூன்: மண் பரிசோதனை, செப்டிக் டேங்க் சுத்தம், மழைநீர்க் குழி தூர்வாருதல். புல்லுக்கு விடியற்காலையில் தண்ணீர் விட்டால் ஆவியாவது குறையும்.

ஜூலை–செப்டம்பர்: வெட்டிவேர், நொச்சி, பூவரசு நடும் நேரம். ஆடி, ஆவணி மழையில் வேர் பிடித்துவிட்டால் ஐப்பசி வெள்ளத்தைத் தாங்கும். புல்லுக்கு உரம் தேவைப்பட்டால் செப்டம்பர் தொடக்கத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அக்டோபர்–டிசம்பர்: உரம் வேண்டாம், கரையில் தோண்டும் வேலை வேண்டாம். கூரைக் குழாயையும் வாய்க்காலையும் அடைப்பு இல்லாமல் வைத்தால் போதும். உரம், பெயிண்ட், பூச்சிமருந்து டப்பாக்களை வெள்ளம் ஏறாத உயரத்தில் வைக்க வேண்டும்.

புகார் யாரிடம் சொல்வது?

ஏரி, வாய்க்கால் ஆக்கிரமிப்பு என்றால் பொதுப்பணித்துறை நீர்ப்பாசனப் பிரிவு. குப்பை, செப்டிக் லாரி கொட்டுவது என்றால் அரியாங்குப்பம் அல்லது பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து. மீன் சாவு, சாயம், துர்நாற்றம் என்றால் புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமம். கண்டல் வெட்டினால் வனத்துறை. தேதி, நேரம், படம், இடம் நான்கும் இருந்தால் புகாருக்கு வலு அதிகம்.

ஒரு மனையில் 10 அடியை விட்டுக்கொடுப்பதால் சுண்ணாம்பாறு முழுக்கச் சுத்தமாகிவிடாது. ஊர்க் கழிவுநீரும் வயல் உரமும் அதே ஆற்றுக்குத்தான் வருகின்றன. ஆனால் அந்த 10 அடியில் இறங்கும் வேர், அடுத்த வெள்ளத்தில் முதலில் காப்பாற்றப் போவது அந்த வீட்டுக்காரரின் சொந்தக் கரையை. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் செடி நட்டு வேர்விட மூன்று மாதமாவது வேண்டும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது.